மூணு தட்டு

நார்மில்லு ஸ்டாப்புக்குத்தானுங்களே டிக்கெட் கேட்டீங்க? காதுல விழுந்துச்சு, அதான் அந்த சீட்ட விட்டுட்டு இங்க வந்து உக்காந்தேன். அந்த மில்லுலதான் வேலைங்களா? புதுசா சேந்திருக்கீங்களா. சூப்பர்வைசரு. நல்லதுங்க. சம்பளமெல்லாம் ஒழுங்கா தர்றாங்கன்னுதான் சொல்றாங்க. தூசிதான் நெம்பவாம்.

இந்தச் சாக்கு உங்க கால்ல இடிக்குதுங்களா? சித்த நகத்திக்கறேன். கனமுங்க. வேற ஒண்ணுமில்ல, செல்ஃப் மோட்டாரு. வண்டில சாவியத் திருகுனா இஞ்சினை உசுப்பி விடுமில்லீங்க, அதுதான். கருகிப் போச்சு. பொள்ளாச்சில ஒருத்தரு காயில் கட்டித் தருவாரு. இந்த ஆறு மாசத்துல இது மூணாவது தடவைங்க. அதுக்கு முன்னால பதினோரு வருசம் இதே வண்டிய ஓட்டியிருக்கறேன், ஒருக்காகூட செல்ஃபு போனதில்ல. ஆபீசுல கேட்டாங்க, என்ன ராக்கியப்பா, மாத்தி மாத்தி செல்ஃபு போவுதுன்னு. பழைய வண்டிங்கய்யான்னுட்டேன். அது பொய்யில்ல. ஆனா அதுக்காகப் போகலீங்க.

பாத்தீங்களா, இந்த வளைவுக்கு ரெண்டாவது கியருக்கு வந்திருக்கோணும். இந்தாளு மூணுலயே திருப்பறான். பஸ்ஸுல ஏறுனா எனக்கு இதொரு ரோதனைங்க. காலு தானா பிரேக்க மிதிக்குது, பாருங்க. எறங்கறப்ப முட்டி வலிக்கும்.

சோலையூத்து சரணாலயத்துல வேன் ஓட்டறேனுங்க. டூரிஸ்ட்டுங்கள ஏத்திட்டுக் காட்டுக்குள்ள ஒரு ரவுண்டு. ஒம்பது கிலோமீட்டரு. ஒரு நாளைக்கு நாலு டிரிப்பு. வந்திருக்கீங்களா? இல்லையா. வந்தாலும் இப்ப ஒண்ணும் பாக்க முடியாதுங்க.

வேன்ல எனக்குப் பின்னால ஒரு இரும்புத் தடுப்பு இருக்கும். அதுக்கு அந்தப் பக்கம் நின்னுட்டு கைடு பேசும். மயிலாத்தான்னு பேரு, கூப்புடறது மயிலா. மலையடிவாரத்துப் பொண்ணு, பன்னெண்டாவது படிச்சிருக்கா. பதினோரு வருசம் எனக்கு முதுகுக்குப் பின்னாலயே நின்னுட்டுப் பேசுனா. எனக்கு அவ மூஞ்சியவிட கொரலுதான் நல்லாத் தெரியும். அவ பேச்சு பூராவும் எனக்கு மனப்பாடமுங்க. சொல்லட்டுங்களா? "வலதுபக்கம் இருக்கற கறையான் புத்தப் பாருங்க. உச்சியில ஒரு ஓட்டை இருக்குதுங்களா? நேத்து ரவைக்குக் கரடி வந்து வாய வெச்சு உறிஞ்சிருக்குது. நகம் பட்ட எடம் இன்னும் ஈரமா இருக்குது பாருங்க." இப்புடித்தானுங்க. சாணியக் காட்டுவா. மரத்துல கடமான் கொம்பத் தேச்ச எடத்தக் காட்டுவா. மண்ணுல இருக்கற தடத்த வெச்சே வந்தது ஆணா பொட்டையா, வகுறு நெறஞ்சிருந்துச்சா பசியா இருந்துச்சான்னெல்லாம் சொல்லுவா. காசு குடுத்து வந்தவங்களுக்கு சாணியக் காட்டுனா எப்புடீங்க? எனக்கே கூச்சமா இருக்கும்.

அவளுக்கும் எனக்கும் ஒரு ஏற்பாடு. அந்த இரும்புத் தடுப்புல வெரல மடக்கித் தட்டுவா. ஒரு தட்டுன்னா மெதுவாப் போகோணும். ரெண்டு தட்டுன்னா நிறுத்தோணும். மூணு தட்டுன்னா இஞ்சின அணைக்கோணும். அணைச்சதுக்கப்புறம் டூரிஸ்ட்டுங்ககிட்டச் சொல்லுவா, "ஒரு நிமிசம் யாரும் பேசாதீங்க. காதால பாருங்க"ன்னு. ஒரு ரவுண்டுக்கு ஆறு எடத்துல மூணு தட்டு தட்டுவா.

ஒரு தட்டு, ரெண்டு தட்டு, அதெல்லாம் கேட்டுக்குவேன். மூணு தட்டுக்கு மட்டும் நான் அணைச்சதில்லீங்க. ஒரு நாளும் அணைச்சதில்ல. ஐடிலிங்ல உறுமிக்கிட்டே நிக்கும் வண்டி. "அணைச்சிருங்ணா"ம்பா. "அணைச்சு அணைச்சுப் போட்டா செல்ஃபு கருகிரும் மயிலு. அப்பறம் நடுக்காட்டுல வண்டியத் தள்ளுறதுக்கு ஒங்கொப்பனா வருவாரு"ம்பேன். சிரிப்பா. இஞ்சின் சத்தத்தோடயே அந்த ஒரு நிமிசத்த நடத்துவா. பதினோரு வருசமும் தட்டுனா, பதினோரு வருசமும் நானும் அதையேதான் சொன்னேன்.

உள்ளதச் சொல்றனே, எனக்கு அந்த ஒரு நிமிசம் ஆகாதுங்க. ஒண்ணுமில்லாம சும்மா நிக்கறதுக்கு எதுக்கு வண்டி?

இருங்க, விசயத்துக்கு வர்றேன். போன தை மாசம் புது ரேஞ்சர் வந்தாரு. சின்ன வயசு, கெட்டிக்காரரு. வந்தவரு டூரிஸ்ட்டுங்க கருத்து எழுதற நோட்ட எடுத்துப் படிச்சாரு. எங்க நேரம், அந்த மாசம் எழுதுனவங்கள்ல பாதிப்பேரு திட்டியிருந்தாங்க. "ஒரு மிருகத்தையும் பாக்கல. காசு தண்டம்"னு. ரேஞ்சர் எங்க எல்லாத்தையும் கூப்புட்டாரு. வேற பக்கமெல்லாம் வேனுக்குள்ள ஒரு பொட்டி மாட்டியிருக்காங்களாம். பட்டன அமுத்துனா அதுவே பேசுமாம், தமிழ்லயும் பேசும், இங்கிலீசுலயும் பேசும். "மூணு மாசம் பாக்கறேன். சனங்க நோட்டுல என்ன எழுதறாங்கன்னு பாத்துட்டு முடிவு பண்ணலாம். கைடுனால பிரயோஜனம் இருந்தா கைடே இருக்கட்டும், இல்லீனா பொட்டி மாட்டிரலாம்"னுட்டாரு.

மயிலா வெளிய வந்து குழாயடியில மூஞ்சியக் கழுவுனா. அவ வூட்டுக்காரனுக்கு முதுகெலும்புல அடி, மூணு வருசமாப் படுத்த படுக்கை. அவ சம்பளத்துலதானுங்க வூடு ஓடுது. அதவிட, அந்தப் பேச்சு அவளுக்கு உசுரு. லீவு போட்டா மறுநாளு வந்து கேப்பா, "ணா, நேத்து புத்துகிட்ட நிறுத்துனீங்களா?"ன்னு.

அன்னிக்கு ரவைக்கு எனக்குச் சோறு எறங்கல. என்ற சம்சாரங்கிட்டச் சொன்னேன், அந்தப் புள்ளைக்கு ஏதாச்சும் செய்யோணும்னு. பாருங்க, நான் வெறும் டிரைவரு. என்னால என்ன செய்ய முடியும்? எனக்குத் தெரிஞ்சதச் செஞ்சேன்.

உப்புங்க. கல்லுப்பு.

கோணமரத்து வளைவுன்னு ஒண்ணு இருக்குது. அங்க ரோட்டுலருந்து பத்தடி தள்ளி, புல்லு இல்லாத ஒரு பள்ளம். காட்டுமாடுங்களுக்கு உப்புன்னா அவ்வளவு ஆச. மூணு நாளைக்கு ஒருக்கா விடியறதுக்கு முன்னால ஒரு சாக்கு உப்பத் தோள்ல போட்டுட்டு நடந்து போயி கொட்டிட்டு வந்துருவேன். இந்தச் சாக்குதானுங்க. துவச்சுட்டேன், இப்ப உப்பு வாசமெல்லாம் இல்ல. எனக்கு எடது காலு சித்த சாஞ்சு வரும், லாரி ஓட்டுன காலத்துல அடிபட்டது. அந்தக் கால வெச்சுட்டு இருட்டுல ரெண்டு கிலோமீட்டரு. ஆனை இருக்கற காடு. ஆருக்காகப் போனேன்? எனக்காகவா?

ஒரு வாரத்துல மாடுங்க வந்துருச்சு. மொதல்ல ரெண்டு, அப்பறம் ஒம்பது, அப்பறம் கன்னுக்குட்டியோட ஒரு கூட்டமே. நாலு டிரிப்புக்கும் நிக்கும். எந்திரிச்சு நின்னு ஃபோன நீட்டிட்டு, சனங்க கத்துன கத்து இருக்குதே! ஒரு அம்மா கீழ எறங்குனதும் எனக்குக் கும்புடு போட்டுச்சு. நோட்டு நெறைய எழுதுனாங்க. "காட்டுமாடு சூப்பர்." "கன்னுக்குட்டி அருமை." "மறுபடி வருவோம்." தெனமும் சாயங்காலம் நான் அந்த நோட்ட எடுத்துப் படிப்பேன். ஒரு திட்டு இல்ல. மனசு அவ்வளவு நெறஞ்சு போச்சுங்க. ஜெயிச்சுட்டோம் மயிலுன்னு நெனச்சுக்குவேன். வாய்விட்டுச் சொல்லல. சொன்னா "வேண்டாம்ணா"ன்னுட்டுத் தடுத்துருவா.

அவதான் ஒரு மாதிரி ஆயிட்டா. புத்துகிட்ட ரெண்டு தட்டுத் தட்டுவா. நான் நிறுத்துவேன். அவ வாயத் தொறக்கறதுக்குள்ள பின்னாலருந்து ஆராச்சும், "மாடு எங்கம்மா? சீக்கிரம் அங்க போங்க"ம்பாங்க. முன்னால வந்துட்டுப் போனவங்க சொல்லி வுட்டிருப்பாங்க போல. அவ ஒரு தட்டுத் தட்டுவா, நான் எடுத்துருவேன். போகப்போக தட்டறதே கொறஞ்சு போச்சு. ஒரு நாளு டீ குடிக்கறப்ப சொன்னா, "ணா, இப்ப ஆருமே என்னைக் கேள்வி கேக்கறதில்லீங்ணா. முன்னாலயெல்லாம் எறங்குனதுக்கப்பறமும் நிக்க வெச்சுக் கேப்பாங்க"ன்னு. நான் சொன்னேன், "கேள்வி கேக்காட்டி உனக்கு வேல மிச்சம் அம்மணி. கொரலாச்சும் தேறட்டும்"னு. அவ டம்ளர அப்புடியே வெச்சுட்டா. பாதி டீ அதுல இருந்துச்சு.

எனக்குச் சங்கடமாத்தான் இருந்துச்சு. அவளுக்கு நல்லது நடந்துட்டிருக்குது, அது அவளுக்கே தெரியலியேன்னு.

அப்பறம் ஒரு நாளு. மொத நா சாயங்காலம் கோடை மழை பேஞ்சு மண்ணு நல்லா எளகிக் கெடந்துச்சு. காலம்பர மொத டிரிப்பு. கோணமரத்து வளைவுல மாடு இன்னும் வந்து சேரல. டொக் டொக்குனு ரெண்டு தட்டு. நிறுத்துனேன். அப்பறம் மூணு தட்டு. நான் அணைக்கல. அவளும் அணைக்கச் சொல்லல. கதவுகிட்டப் போயி நின்னு, கைய நீட்டி மண்ணக் காட்டிப் பேச ஆரம்பிச்சா. அது எனக்கு மனப்பாடமா இருக்கற பேச்சில்லீங்க. புதுசு.

"இங்க ஒரு தடம் இருக்குது பாருங்க. மிருகமில்ல, மனுசன். டயர் செருப்பு. எடது கால சாச்சு வெக்கறவரு. வர்றப்ப குதிகால் ஆழமாப் பதிஞ்சிருக்குது, போறப்ப மேலாப்புல இருக்குது. எதையோ சொமந்துட்டு வந்து இங்க எறக்கியிருக்காரு. இந்தா, இந்த எடத்துல குத்தவெச்சு உக்காந்திருக்காரு. கையால மண்ணத் தடவி மூடியிருக்காரு. மழையில கலைஞ்ச பழைய தடத்து மேல புதுத் தடம். மூணு நாளைக்கு ஒருக்கா வர்றவரு."

கண்ணாடியில பாத்தேன். அவ என்னையப் பாக்கவே இல்ல. ஒருத்தரு கேட்டாரு, "வேட்டைக்காரனாம்மா?"ன்னு.

"இல்லீங்க. இவரு கெட்டவரில்ல. கால் வலியோட இவ்வளவு தூரம் நடந்து வந்திருக்காரு. ஆனா நம்ம பேச்சு மட்டும் இருந்தா சனங்க நிக்க மாட்டாங்கன்னு நெனைக்கறவரு."

அவ்வளவுதான் சொன்னா. அதுக்குள்ள மாடுங்க வந்துருச்சு. "அங்க பாரு, அங்க பாரு"ன்னு எல்லாரும் எந்திரிச்சுட்டாங்க. அவ சொன்னத முழுசாக் கேட்டது நான் ஒருத்தன்தான். பதினோரு வருசமாப் பேசிட்டிருந்தா, எனக்குன்னு பேசுனது அன்னிக்கு மட்டுந்தானுங்க. என்னமாப் படிச்சா பாருங்க! மண்ண மூடுனது வரைக்கும்! அது நிசமாலுமே ஒரு படிப்புங்க.

அன்னிக்கோட உப்பு வெக்கறத நிறுத்திட்டேன். ஆனா மூணு மாசக் கணக்கு முடியறதுக்கு நாலே நாளுதான் பாக்கி.

ரேஞ்சர் கூப்புட்டாரு. மேசைமேல நோட்டு. பக்கத்த மாத்தி மாத்திக் காமிச்சாரு. "பாருங்க, சனங்க எவ்வளவு சந்தோசமா எழுதியிருக்காங்க. மாடு, மாடு, மாடு. கைடு பத்தி ஒரு வரி இருக்குதா? எனக்கு வருத்தந்தாம்மா, ஆனா நீங்களே படிச்சுப் பாருங்க"ன்னாரு. பக்கத்துல பழைய நோட்டும் இருந்துச்சு. அத அவரு தொடல. பொறவு ஒரு நாளு நான் எடுத்துப் பாத்தேன். தாராபுரத்துத் தபாலாபீசுக்காரரு ஒருத்தரு ஒரு பக்கம் பூராவும் எழுதியிருந்தாரு. "ஒரு மிருகத்தையும் பாக்கவில்லை. ஆனால் அந்த அம்மாள் சொன்னதைக் கேட்டபின் என் வீட்டு வாசல் மண்ணையே குனிந்து பார்க்கத் தொடங்கியிருக்கிறேன்" அப்புடீன்னு. அந்த மாதிரி பத்து பதினஞ்சு இருந்துச்சுங்க. திட்டுனவங்க ரெண்டு வரி எழுதுனாங்க, இவங்க பக்கம் பக்கமா எழுதியிருந்தாங்க. நான் எண்ணிக்கையத்தான் பாத்திருக்கறேன். ரேஞ்சரும் அப்புடித்தான் பாத்திருப்பாரு.

மயிலா அப்ப ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். "அய்யா, மாடு தானா வரல, உப்பு வெச்சு வந்துச்சு"ன்னு. சொல்லியிருந்தா அந்த நோட்டே செல்லாது. அவ வேல நிக்கும். ஏன் சொல்லலன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியலீங்க. என்மேல கோவம்னு நெனைக்கறேன்.

நானா? நானும் பக்கத்துலதான் நின்னேன். சொல்லியிருக்கலாம். காட்டு மிருகத்துக்கு உப்பு வெச்சா அன்னிக்கே சீட்டு கிழிஞ்சிரும். ரிடையராகறதுக்கு ரெண்டு வருசம் இருக்குது. வாய் வரைக்கும் வந்துச்சு. அதுக்கு மேல வரல. அவ என்னைய ஒருக்காத் திரும்பிப் பாத்தா, அப்பறம் "சரிங்கய்யா"ன்னுட்டா.

பொட்டியில பேசறதுக்கு அவ கொரலையே கேட்டாங்க. ஒரு நா முழுக்க ரூமுக்குள்ள உக்காந்து பேசிக் குடுத்துட்டுப் போனா. கடைசி நா யூனிபாரத்தத் துவச்சு மடிச்சுக் கொண்டாந்து ஆபீசுல குடுத்தா. அப்பறம் வண்டிகிட்ட வந்தா. நான் டயருக்குக் காத்து பாக்கற மாதிரி குனிஞ்சுட்டேன். சித்த நேரம் நின்னா. செருப்பு மட்டும் எனக்குத் தெரிஞ்சுது. போயிட்டா. ஒரு வார்த்த சொல்லல பாருங்க. பதினோரு வருசப் பழக்கம், "வர்றேங்ணா"ன்னு ஒரு சொல்லு இல்ல. அது இன்னும் ஆறலீங்க எனக்கு.

சரி, செல்ஃபுக்கு வர்றேன். இந்தப் பக்கம் வெயிலா இருந்தா மாறி உக்காந்துக்கலாங்க. வேண்டாமா. சரி.

பொட்டி மாட்டுன மொத நாளு. பட்டன அமுத்துனேன். அவ கொரலு அப்புடியே, ஆனா முதுகுக்குப் பின்னாலருந்து வரல, தலைக்கு மேலருந்து வருது. புத்து தாண்டிப் போனதுக்கப்பறம் புத்தப் பாருங்கங்குது. இப்ப நாந்தான் அதுக்குத் தகுந்தாப்புல ஓட்டப் பழகிட்டேன். அன்னிக்கு ஓடைய ஒட்டி வர்றப்ப, பொட்டிக்குள்ளருந்து டொக், டொக், டொக். மேசையில வெரல மடக்கித் தட்டியிருக்கா! பழக்கதோசமா, வேணும்னா, ஆருக்குத் தெரியும்? பதிவு பண்ணுன பையனுக்கு அது என்னன்னே தெரிஞ்சிருக்காது. அதுக்கப்பறம் ஒரு நிமிசம் வெறும் அமைதி. அத வெட்டிரலாம்னு சொன்னாங்களாம், இவ ஒரே புடியா வேண்டாம்னுட்டாளாம்.

நான் சாவியத் திருகி அணைச்சேங்க. ஏன்னு கேக்காதீங்க. கை தானாப் போச்சு.

அந்தக் காட்டுல அவ்வளவு சத்தம் இருக்கும்னு எனக்குத் தெரியாதுங்க. இத்தன வருசத்துல நான் ஒருக்காகூடக் கேட்டதில்ல. ஓடையில தண்ணி போவுது. எங்கியோ ஒரு மந்தி கொரல் குடுக்குது. மூங்கிலு ஒண்ணோட ஒண்ணு ஒரசுது. நான் பாட்டுக்கு உக்காந்திருக்கறேன், கண்ணுல தண்ணி வந்துருச்சு. பின்னாலருந்து ஒருத்தரு, "என்னங்க டிரைவரு, வண்டி ரிப்பேரா?"ன்னாரு. "ஆமாங்க, சித்த ரிப்பேரு"ன்னேன். வேற என்னன்னு சொல்றது?

அன்னிலருந்து எல்லா டிரிப்புக்கும், ஆறு எடத்துலயும் அணைக்கறேன். மறுக்கா சாவி போட்டா வண்டி எருமையாட்டம் மொரண்டு புடிக்கும். மூணு தடவ, நாலு தடவ திருகோணும். அப்பறம் செல்ஃபு எப்புடீங்க தாங்கும்? மாடும் இப்ப வர்றதில்ல. நோட்டு நெறையத் திட்டுதான். ரேஞ்சரு அதுக்கு என்ன பண்றதுன்னு யோசிக்கறாரு. பண்ணிக்கட்டும்.

ஆ, தென்னந்தோப்பு வந்துருச்சுங்க. அடுத்தது உங்க ஸ்டாப்புதான். உங்க மில்லுலதான் அவ இருக்கா. நார் காய வெக்கற களத்துல. மிசின் சத்தத்துல அங்க ஆரும் பேச மாட்டாங்களாம், அவளும் நாளெல்லாம் வாயே தொறக்கறதில்லையாம். கேட்டப்ப எனக்கு நம்பிக்கையே வரல. செல்ஃபத் தூக்கிட்டு இந்த வழியா மூணு தடவையாப் போறேன், ஒருக்காவும் எறங்குனதில்லீங்க. எறங்கி நின்னு என்னன்னு சொல்லுவேன்?

ஒரு ஒதவி செய்யறீங்களா? அவளப் பாத்தா டிரைவரண்ணனப் பாத்தேன்னு சொல்லுங்க. உப்பப் பத்தி நான் சொன்னதையெல்லாம் சொல்ல வேண்டாம். வருத்தப்பட்டான்னும் சொல்ல வேண்டாம். செல்ஃபு கருகிப் போச்சாம், மூணு தடவ கருகிருச்சாம்னு மட்டும் சொல்லுங்க. மீதிய அவளே படிச்சுக்குவா.